மறையவா, தெரியவா? ராணுவ உருமறைப்புத் துணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை, பழுப்பு, கறுப்புத் திட்டுகள் போட்ட அந்தத் துணியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆர்மி டிசைன், மிலிட்டரி பிரிண்ட், கேமோ என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், முறையான தமிழில் உருமறைப்பு. ஆளை மறைப்பதற்காகச் செய்த துணியை, பத்து பேர் நடுவில் தனியாகத் தெரிய வேண்டும் என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இந்த வேடிக்கை எனக்குப் பல வருடங்களாகப் பிடித்த விஷயம், அதனால் இதைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லிவிடுவேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

சுற்றி இருக்கும் நிறத்திலேயே உடை போட்டால் மறைந்துவிடலாம், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. நிறம் பாதி வேலைதான், சில சமயம் பாதிகூட இல்லை. நம் கண் ஒரு பொருளை முதலில் அதன் விளிம்பை வைத்துத்தான் பிடிக்கிறது. தலை, தோள், இரண்டு கை, இரண்டு கால் என்ற வடிவம் எந்த நிறத்தில் நின்றாலும் ‘அதோ ஆள்’ என்று மூளை சொல்லிவிடும். உருமறைப்பு வடிவம் அந்த விளிம்பைத்தான் உடைக்கிறது. தோளின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அதை ஒட்டி ஒரு வெளிர் திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பின்னால் இருக்கும் நிழலோடு சேர்ந்துகொள்ளும், வெளிர் பக்கத்தில் இருக்கும் காய்ந்த புல்லோடு சேர்ந்துகொள்ளும், தோள் என்று ஒன்று இருந்த இடமே தெரியாது.

இதை முறையாக யோசித்த முதல் சிலரில் ஒருவர் ராணுவத்துக்காரரே இல்லை. அபட் தேயர், அமெரிக்க ஓவியர். மான் மாதிரியான விலங்குகளுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளுப்பாகவும் ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டார். மேலிருந்து விழும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கும், வயிற்றில் நிழல் விழும். தோலின் நிறம் அதற்கு நேர்மாறாக இருப்பதால் இரண்டும் கழிந்து, உருண்டையான உடம்பு தட்டையாகத் தெரிகிறது. ஓவியர் செய்வது இதைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் வேலை, தட்டையான கித்தானில் நிழல் வைத்து உருண்டையாகக் காட்டுவது. அதனால் ஒரு ஓவியருக்கு இது புரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1909இல் இந்தக் கருத்துகள் அவருடைய மகன் பெயரில் புத்தகமாக வந்தன. அதில் கொஞ்சம் எல்லை மீறியும் போனார்கள்: பூநாரை இளஞ்சிவப்பாக இருப்பது அந்தி வானத்தில் கரைந்துபோகத்தான் என்றார் தேயர். அமெரிக்க அதிபராக இருந்தவரும் வேட்டையில் பெரிய ஆளுமான தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பிடித்துக்கொண்டு அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

அப்படியானால் பழைய காலத்துப் படைகள் ஏன் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சென்று போனார்கள்? உயிர் மேல் ஆசையில்லையா?

ஆசையெல்லாம் இருந்தது, துப்பாக்கி அப்படி. பழைய துப்பாக்கி சுட்டால் ஒரே புகை மண்டலம், தூரத்தில் குறி சேராது, படை வரிசையாக நெருங்கி நின்றுதான் சுட வேண்டும். அந்தப் புகையில் நம் ஆள் யார், எதிரி யார் என்று தெரிவதுதான் அப்போது உயிர் காத்தது. புகையில்லாத வெடிமருந்தும் தூரத்தில் இருந்தே குறி தப்பாமல் சுடும் துப்பாக்கியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோதுதான் பளபளப்பு ஆபத்தாக மாறியது.

காக்கி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1840களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய ‘கைட்ஸ்’ படைக்கு மண்ணின் நிறத்தில் உடை கொடுத்தார். ‘காக்’ என்றால் பாரசீகத்தில் புழுதி, காக்கி என்றால் புழுதி நிறம். ஆனால் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரெஞ்சு வீரர்கள் சிவப்புப் பேன்ட்டோடுதான் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே போனார்கள். அதை மாற்றலாம் என்ற பேச்சு முன்பே வந்தபோது, சிவப்புப் பேன்ட்தான் பிரான்ஸ் என்று நாடாளுமன்றத்திலேயே வாதாடியவர்கள் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு நாட்டில், வேறு நூற்றாண்டில் இதே கதை திரும்ப வரும்.

உருமறைப்பைக் கண்டுபிடித்ததே ஓவியர்கள்தான் என்கிறார்களே, உண்மையா?

ராணுவத்தில் அதை ஒரு தனித் துறையாக ஆக்கியதில் அவர்கள் பங்கு பெரியது. லூசியன் விக்டர் கிராண்ட் த செவோலா என்று ஒரு பிரெஞ்சு ஓவியர், பணக்காரர்களின் உருவப்படங்களை வரைந்துகொண்டிருந்தவர், போர் வந்ததும் பீரங்கிப் படையில் இருந்தார். பீரங்கியின் மேல் வண்ணம் பூசிய துணியைப் போர்த்தி மறைத்துக் காட்டினார். 1915இல் பிரெஞ்சு ராணுவம் அவர் தலைமையில் ஒரு உருமறைப்புப் பிரிவையே ஆரம்பித்தது. அதன் சின்னம் பச்சோந்தி. ஓவியர்கள், சிற்பிகள், நாடக மேடைக்குத் திரைச்சீலை வரைந்தவர்கள் என்று பலர் அதில் சேர்ந்தார்கள்.

அங்கே க்யூபிசக்காரர்களும் இருந்தார்கள். ஆந்த்ரே மார் தன் நோட்டுப் புத்தகத்தில் பீரங்கியைக் கோணம் கோணமாக உடைத்து நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார், பார்த்தால் ராணுவக் குறிப்பு என்றே தோன்றாது. ஒரு பொருளைத் துண்டு துண்டாக உடைத்து, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் செய்வதுதானே க்யூபிசம்? அதையே உயிர் பிழைப்பதற்காகச் செய்தால் உருமறைப்பு. பாரிஸ் தெருவில் வண்ணம் பூசிய பீரங்கி ஒன்று போவதைப் பார்த்த பிக்காசோ, இதை உருவாக்கியது நாங்கள்தான், இதுதான் க்யூபிசம் என்று கத்தியதாக, உடன் இருந்த எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதியிருக்கிறார். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க், நீலக் குதிரைகளை வரைந்தவர், பீரங்கிகளை வானில் இருந்து மறைக்கும் தார்பாய்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தார்பாயையும் ஒவ்வொரு ஓவியப் பாணியில், மானே முதல் காண்டின்ஸ்கி வரை, அடித்துப் பார்ப்பதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த சில வாரங்களில், 1916 மார்ச்சில், வெர்டனில் கொல்லப்பட்டார்.

போர்முனையில் குண்டு விழுந்து மொட்டையாகிப்போன மரம் ஒன்றை அளவெடுத்து, அதே மாதிரி இரும்பில் போலி மரம் செய்து, ராத்திரியோடு ராத்திரியாக உண்மை மரத்தை எடுத்துவிட்டு இதை நட்டு, உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து வேவு பார்த்தார்கள். ஆங்கிலேயப் படைக்கு இதைச் செய்தவர்களில் முக்கியமானவர் சாலமன் ஜே. சாலமன், அவரும் ஓவியர்தான்.

வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட போர்க்கப்பல் படங்களைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி மறையும்?

மறையாது. மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அதில் கிடையாது, அதுதான் அழகு.

1917இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கடலும் வானமும் நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும், புகைபோக்கி வேறு கறுப்பாகப் புகை கக்கும், கப்பலை எதில் ஒளிப்பது? நார்மன் வில்கின்சன் என்ற கடற்காட்சி ஓவியர் வேறு மாதிரி யோசித்தார். நீர்மூழ்கியில் இருப்பவன் குறி வைப்பது கப்பல் இப்போது இருக்கும் இடத்தை அல்ல, டார்பிடோ போய்ச் சேரும்போது கப்பல் இருக்கப்போகும் இடத்தை. அதற்கு அவனுக்குக் கப்பலின் திசையும் வேகமும் தெரிய வேண்டும். கப்பல் தெரியட்டும், எந்தப் பக்கம் போகிறது என்பது குழம்பட்டும், போதும். கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று சாய்ந்த பட்டைகளும் வளைவுகளும் போட்டு, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் அடித்துவிட்டார்கள். இதற்கு ‘டாசில்’ என்று பெயர், கண்ணைக் கூச வைப்பது என்று பொருள்.

லண்டனில் ராயல் அகாடமியின் கட்டடத்திலேயே இதற்கான கூடம் இருந்தது. சிறிய மரக் கப்பல்களில் வண்ணம் அடித்து, சுழலும் மேசையில் வைத்து, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துச் சோதிப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் கலைப்பள்ளிகளில் இருந்து வந்த பெண்கள். கடற்படையில் வேலை பார்த்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜே வந்து பார்த்து ஒரு மாதிரிக் கப்பலின் திசையைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பிரிட்டனில் 2000க்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு இப்படி வண்ணம் அடித்தார்கள். லிவர்பூல் பக்கம் அதை மேற்பார்த்த எட்வர்ட் வாட்ஸ்வொர்த், போர் முடிந்ததும் 1919இல் அந்தக் காட்சியையே பெரிய ஓவியமாக வரைந்தார், அது இப்போது கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அது வேலை செய்ததா?

உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அப்போதைய கடற்படையே கண்ட முடிவு. அதே சமயத்தில் கப்பல்களைக் கூட்டமாகப் பாதுகாப்போடு அனுப்பும் முறையும் வந்துவிட்டதால், எது காப்பாற்றியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. மாலுமிகளுக்குத் தைரியம் வந்தது என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் ஃபேஷனாக அது கண்டிப்பாக வேலை செய்தது! 1919 மார்ச்சில், போர் முடிந்து நாலே மாதத்தில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் செல்சி கலைக் கழகம் ஒரு டாசில் நடன விருந்து வைத்தது, வந்தவர்கள் கப்பல் மாதிரி கோடு போட்ட உடைகளில் வந்தார்கள். அதே வருடம் டாசில் நீச்சலுடையும் வந்தது. 1983இல் ஓஎம்டி என்ற ஆங்கில இசைக்குழு ‘டாசில் ஷிப்ஸ்’ என்றே ஒரு ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது, வாட்ஸ்வொர்த்தின் ஓவியம்தான் அதற்குத் தூண்டுதல். முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி நிஜக் கப்பல்களுக்கே மறுபடி கோடு அடித்தார்கள், லிவர்பூலில் கார்லோஸ் குரூஸ் தியஸ், மெர்சி ஆற்றுப் படகில் பீட்டர் பிளேக் என்று. இன்றைக்கும் கார் கம்பெனிகள் இன்னும் வெளியிடாத மாடலைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது மேலே கறுப்பு வெள்ளைச் சுழிகளை ஒட்டி விடுகிறார்களே, அதுவும் இதன் பேரப்பிள்ளைதான். காரை மறைக்க முடியாது, அதன் வளைவுகளைப் புகைப்படத்தில் புரியாமல் செய்யலாம்.

சரி, துணியில் அச்சடிக்க எப்போது ஆரம்பித்தார்கள்?

முதல் உலகப் போரில் எல்லாமே கையால் அடித்ததுதான். ஆலையில் பெருமளவில் அச்சடித்த முதல் வடிவம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இத்தாலிய ராணுவம் 1929இல் கூடாரத் துணிக்காகக் கொண்டுவந்தது. அடுத்து 1931இல் ஜெர்மனியின் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போன்ற வடிவம், அதுவும் முதலில் கூடாரத் துணிக்குத்தான். அமெரிக்கர்கள் 1942இல் தவளைத் தோல் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒன்றை எடுத்தார்கள். அதை வரைந்த நார்வெல் கில்லெஸ்பி தோட்டக்கலைக்காரர், பத்திரிகையில் தோட்டப் பகுதி எழுதியவர். இலை, நிழல் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டாம் உலகப் போரிலும் கலைஞர்கள் விடவில்லை. சர்ரியலிச ஓவியர் ரோலண்ட் பென்ரோஸ் பிரிட்டனின் ஊர்க்காவல் படைக்கு உருமறைப்புப் பாடம் எடுத்தார். வகுப்பில் வீரர்கள் தூங்கிவிடாமல் இருக்க, உடலெங்கும் உருமறைப்புப் பசை பூசி வலைக்கு அடியில் படுத்திருக்கும் தன் காதலி லீ மில்லரின் படத்தை இடையில் சொருகிக் காட்டுவாராம். அமெரிக்கர்களிடம் சுமார் 1100 பேர் கொண்ட ஒரு ‘பேய்ப் படை’ இருந்தது. காற்றடைத்த ரப்பர் டாங்கிகளையும் ஒலிபெருக்கிகளையும் வைத்து, இல்லாத படையை இருப்பதாக ஜெர்மானியர்களுக்குக் காட்டுவது அதன் வேலை. அதில் இருந்த இரண்டு பேர் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தார்கள், ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லியும் ஆடை வடிவமைப்பாளர் பில் பிளாஸும். ஃபேஷனும் ராணுவமும் எங்கே சந்தித்தன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ரப்பர் டாங்கிகளைத்தான்.

ராணுவத்தில் இருந்து தெருவுக்கு எப்படி வந்தது?

மிச்சச் சரக்கு வழியாக. போர் முடிந்தால் ராணுவக் கிடங்குகளில் லட்சக்கணக்கில் உடைகள் தேங்கும், அவற்றை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். உறுதியான துணி, பெரிய பாக்கெட்டுகள், குறைந்த விலை. முதலில் வாங்கியவர்கள் வேட்டைக்காரர்கள், தவளைத் தோல் வடிவத்துக்கே பிறகு வாத்து வேட்டைக்காரர் வடிவம் என்று பெயர் மாறிவிட்டது. அப்புறம் மாணவர்கள், இசைக்காரர்கள், கையில் காசில்லாத எல்லோரும்.

பெரிய திருப்பம் வியட்நாம். அங்கே பெரும்பாலான அமெரிக்க வீரர்களுக்கு வெறும் ஆலிவ் பச்சைதான். புலி வரி என்ற வடிவம் தென் வியட்நாமியப் படைகளிடம் இருந்து வந்தது, அதற்கு முன்னோடி பிரெஞ்சுக்காரர்கள் அங்கே போட்ட வடிவம். அமெரிக்கர்களில் அது சிறப்புப் படைக்காரர்களிடமும் ஆலோசகர்களிடமும்தான் இருந்தது. ஆக, அதைப் போட்டிருந்தால் ‘நான் சாதாரண ஆள் இல்லை’ என்று பொருள். கவனியுங்கள், தெருவுக்கு வருவதற்கு முன்பே, காட்டுக்குள்ளேயே அது கெத்து காட்டும் உடையாகிவிட்டது.

போரை எதிர்த்தவர்களே ராணுவ உடை போட்டார்களாமே, முரணாக இல்லையா?

முரணாக இருப்பதுதான் நோக்கம். வியட்நாமில் இருந்து திரும்பிய வீரர்கள் சிலர் அதே உடையோடு போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் வந்தார்கள். நாங்கள் அங்கே இருந்தோம், தெரிந்துதான் பேசுகிறோம் என்று உடையே சொல்லிவிடும். அவர்களைப் பார்த்து மற்ற இளைஞர்களும் போட்டார்கள், அவர்களுக்கு அது அரசாங்கத்தின் துணியை எடுத்து அரசாங்கத்தையே கிண்டல் செய்வது. பங்க் இசைக்காரர்கள் கிழித்துப் போட்டார்கள். 1980களின் கடைசியில் ‘பப்ளிக் எனிமி’ என்ற ராப் குழுவின் மேடையில் ராணுவ உடையில் ஆட்கள் அணிவகுத்து நின்றார்கள், அது கிண்டல் இல்லை, எங்களுக்கும் ஒரு படை உண்டு என்ற அறிவிப்பு. ஒரே துணி, மூன்று விதமான பேச்சு.

ஆண்டி வார்ஹோல் இதில் எங்கே வருகிறார்?

அமெரிக்காவின் பிரபல ஓவியரான அவர் 1986இல் வருகிறார். அதற்கு இருபது வருடம் முன்பே இத்தாலியில் அலிகியேரோ போயெட்டி ராணுவத் துணியை அப்படியே சட்டத்தில் இழுத்துக் கட்டி, இதுதான் ஓவியம் என்று மாட்டிவிட்டார், அந்தத் துணிச்சல் எனக்கு வார்ஹோலைவிடப் பிடிக்கும். வார்ஹோல் செய்தது நிறத்தை மாற்றியது. அதே திட்டுகள், ஆனால் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர் நீலம். இந்த நிறத்தில் அது எதையும் மறைக்காது, சுவரில் மாட்டினால் கத்தும். தன் முகத்தின் மேலேயே அந்தத் திட்டுகளை அச்சடித்து சுயஉருவப்படங்களும் செய்தார். வாழ்நாள் முழுக்க விக்கும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒளிந்திருந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. 1987 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவருடைய வடிவங்களை வடிவமைப்பாளர் ஸ்டீபன் ஸ்ப்ரௌஸ் உடைகளில் அச்சடித்தார். துணியில் இருந்து கித்தானுக்குப் போனது, திரும்பத் துணிக்கே வந்துவிட்டது.

விலை உயர்ந்த பிராண்டுகள் எப்போது பிடித்துக்கொண்டன?

ஜான் பால் கோத்தியே 2000ஆம் ஆண்டு வாக்கில் கேமோ வடிவத்தில் விருந்துக்குப் போடும் நீண்ட கவுனையே செய்து காட்டினார். 2008இல் தகாஷி முரகாமி லூயி விட்டான் கைப்பைகளில் கம்பெனியின் எழுத்துகளையே உருமறைப்புத் திட்டுகளோடு கலந்துவிட்டார். லண்டனில் மகாரிஷி என்ற பிராண்டை நடத்தும் ஹார்டி பிளெக்மன் ராணுவ உடைகளை வாங்கித் திருத்தி விற்று ஆரம்பித்தவர், 2004இல் உலக நாடுகளின் உருமறைப்பு வடிவங்களைத் தொகுத்துத் தலையணை மாதிரி ஒரு புத்தகம் போட்டார்.

ஆனால் என் ஓட்டு டோக்கியோவின் ‘எ பேதிங் ஏப்’ பிராண்டுக்குத்தான். நிகோ என்பவர் 1993இல் ஹராஜுகுவில் ஆரம்பித்தது. தூரத்தில் சாதாரண கேமோ, கிட்டே போய்ப் பார்த்தால் திட்டுகளுக்கு நடுவே குரங்குத் தலை ஒளிந்திருக்கும். இதை விளையாட்டு என்று நினைப்பீர்கள், ஆனால் அமெரிக்க மரைன் படையின் வடிவத்தை உற்றுப் பாருங்கள், அதிலும் கழுகு, உலக உருண்டை, நங்கூரம் என்ற படைச் சின்னம் குட்டியாக அங்கங்கே ஒளித்து அச்சடிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இது எங்களுடையது, நகல் எடுக்காதே.

கட்டம் கட்டமாக இருக்கும் டிஜிட்டல் கேமோ எதற்கு? கணினித் திரையை ஏமாற்றவா?

இல்லை, இது நிறையப் பேர் நம்பும் தவறான கதை. பெரிய திட்டுகள் தூரத்தில் இருந்து விளிம்பை உடைக்கும், ஆனால் கிட்டே வந்தால் வண்ணத் திட்டு என்று தெரிந்துவிடும். சின்னத் திட்டுகள் கிட்டே இலை, சரளைக்கல் மாதிரி தெரியும், தூரத்தில் கலந்து ஒரே நிறமாகிவிடும். இரண்டு அளவையும் ஒரே துணியில் வைக்கத்தான் இந்த நுண்கட்டங்கள். சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1970களில் அமெரிக்க ராணுவத்தின் டிமத்தி ஓனீல் இதைப் பரிசோதித்தார், 1990களின் பிற்பகுதியில் கனடா கையில் எடுத்தது, பிறகு அமெரிக்க மரைன் படை. அது நன்றாகவே வேலை செய்தது.

அப்படியானால் அமெரிக்க ராணுவம் அந்தச் சாம்பல் நிறக் கட்ட உடையை ஏன் கைவிட்டது?

இதற்காகத்தான் சிவப்புப் பேன்ட்டை மனதில் வைக்கச் சொன்னேன். மரைன்கள் நவீனமாகத் தெரிந்ததும் மற்ற படைகளுக்கும் ஆசை வந்தது. ராணுவம் 2004இல் காடு, நகரம், பாலைவனம் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் என்று ஒன்றை அறிவித்தது. வெளிர் சாம்பல், வெளிர் பச்சை, மணல் நிறம், கறுப்பே கிடையாது. எல்லா இடத்துக்கும் என்று செய்தது எந்த இடத்திலும் ஒட்டவில்லை, தூரத்தில் ஒரே வெளிர் உருவமாகத் தெரிந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போகிறவர்களுக்கு 2010இல் வேறு வடிவம் கொடுத்தார்கள், 2015இல் இருந்து மொத்தமாக மாற்றினார்கள். 500 கோடி டாலர் வீண் என்று பத்திரிகைகள் எழுதின.

கடற்படை இன்னும் ஒரு படி மேல். நீலக் கட்டங்கள் போட்ட உடை. கப்பலின் மேல்தளத்தில் யாரிடமிருந்து மறைவது? தண்ணீரில் தவறி விழுந்தால்தான் கச்சிதமாக மறையலாம், மீட்க வருகிறவருக்கும் தெரியாது. புளூபெர்ரி என்று மாலுமிகளே கிண்டல் செய்து, 2019இல் அது ஓய்வு பெற்றது.

ஆப்கன் தேசிய ராணுவத்தின் கதை இன்னும் மோசம். அந்நாட்டில் காடு சுமார் 2.1 சதவீதம். ஆனால் அவர்களுக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு தனியார் கம்பெனியின் காட்டுப் பச்சை வடிவம். ஆப்கன் பாதுகாப்பு அமைச்சர் இணையத்தில் பார்த்தார், பிடித்திருந்தது. இதனால் 2.8 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலவானது என்று 2017இல் அமெரிக்க அரசின் தணிக்கை அறிக்கை சொன்னது.

ஃபேஷன்காரர்கள் ராணுவத்தைக் காப்பியடிக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், ராணுவங்களும் கண்ணாடி முன் நின்று பார்த்துத்தான் உடை வாங்குகின்றன.

இளஞ்சிவப்பு கேமோ வெறும் கேலிக்கூத்துதானே?

கடையில் விற்பது ஆமாம். ஆனால் நிறத்தைச் சிரிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் சில கப்பல்களுக்கு மங்கலான ஊதா கலந்த இளஞ்சிவப்பு அடித்தார், விடியலிலும் அந்தியிலும் மறையும் என்ற கணக்கில். தாழப் பறந்து படம் எடுத்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சிலவும் வெளிர் இளஞ்சிவப்பு. பிறகு பிரிட்டிஷ் சிறப்புப் படை பாலைவனத்தில் இளஞ்சிவப்பு லேண்ட் ரோவர்களையே ஓட்டியது. பூநாரை விஷயத்தில் தேயர் தோற்றார், அவருடைய நிறம் தோற்கவில்லை.

வேட்டைக்காரர்கள் கேமோவுக்கு மேல் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஏன் போடுகிறார்கள்?

மானுக்கு அந்த ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும், அதன் கண்ணில் நிறம் பிரிக்கும் உயிரணு வகைகள் நம்மைவிடக் குறைவு. இன்னொரு வேட்டைக்காரருக்கோ அது தூரத்திலேயே தெரியும், சுட மாட்டார். மானுக்கு மறை, மனிதனுக்குத் தெரி. கேமோவில் நான் பார்த்த மிக அறிவான உடை இதுதான்.

கடையில் வாங்குவதும் உண்மையான ராணுவ உடையும் ஒன்றா?

பார்க்க ஒன்று, இருட்டில் வேறு. ராணுவத் துணியின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை இலை, மண் மாதிரியே திருப்பி அனுப்பும்படி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இல்லையென்றால் இரவுப் பார்வைக் கருவியில் ஆள் தனியாகத் தெரிவான். சாதாரணக் கடைத் துணியில் இதெல்லாம் பார்ப்பதில்லை. வெண்மை கூட்டும் பொருள் கலந்த சோப்புத்தூளில் துவைக்காதே, கஞ்சி போடாதே என்று வீரர்களுக்குச் சொல்வதும் இதற்காகத்தான், அந்தத் தன்மை கெட்டுவிடும். நீங்கள் சினிமாவுக்குப் போட்டுக்கொண்டு போவதானால் எந்தச் சோப்பும் போடலாம்.

வெளிநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

எங்கே போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட், செயின்ட் லூசியா போன்ற கரீபியன் நாடுகளிலும், சாம்பியா, ஜிம்பாப்வே போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் பொதுமக்கள் கேமோ போடுவதே குற்றம். பார்படோஸில் குழந்தைகளுக்கும் விலக்கில்லை. உடையைப் பிடுங்கிக்கொள்ளலாம், அபராதமும் வரலாம். ராணுவக் கவிழ்ப்புகளும் ஆயுதக் கும்பல்களும் பார்த்த இடங்களில் யார் உண்மையான சிப்பாய், யார் வேஷம் என்பது உயிர் போகிற கேள்வி. ‘சும்மா ஃபேஷனுக்கு’ என்று விமான நிலையத்தில் வாதாடுவதைவிட வேறு பேன்ட் எடுத்து வைப்பது சுலபம்.

இன்றைய கலைஞர்கள் மறைவதை எப்படிப் பார்க்கிறார்கள்?

இரண்டு பேரைச் சொல்கிறேன். சீனாவின் லியூ போலின்: 2005இல் பெய்ஜிங்கில் அவருடைய பட்டறை இருந்த கலைஞர் குடியிருப்பை அரசு இடித்தது. இடிபாட்டின் முன்னால் நின்று, உடம்பு முழுக்க அந்த இடிபாட்டையே வரையச் செய்து, அதற்குள் கரைந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு கடை அலமாரி, சுவரெழுத்து என்று எத்தனையோ இடங்களில் மணிக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறார். எங்களை நீங்கள் பார்ப்பதே இல்லையே என்ற புகார் அது.

இன்னொருவர் ஆடம் ஹார்வி. 2010இல், முகத்தைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல்களைக் குழப்புவதற்காக முடி அலங்காரத்தையும் முகப்பூச்சையும் வடிவமைத்தார். மூக்குக்கு மேல் தொங்கும் முடிக்கற்றை, ஒரு கன்னத்தில் மட்டும் கறுப்புக் கட்டம் என்று. அதற்கு அவர் வைத்த பெயரிலும் ‘டாசில்’ இருக்கிறது, அந்தக் கப்பல்களின் நினைவாக. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கேமராவுக்கு மட்டும் முகம் தெரியாது. அவர் குறிவைத்தது அன்றைய நிரல்களை, பிறகு வந்தவை இதற்கு ஏமாறுவதில்லை.

கடைசியாக ஒன்று. கேமோ பேன்ட்டுக்கு மேல் என்ன போடலாம்?

வெள்ளை, கறுப்பு, சாம்பல், எதுவும் சரிவரும். மேலேயும் கீழேயும் ஒரே வடிவத்தில் போட்டு, காலில் பூட்ஸும் மாட்டினால் தூரத்தில் சீருடை மாதிரி தெரியும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், நடைபாதையில் ராத்திரி ஓடப் போவதற்கு கேமோ வேண்டாம். அது நிஜமாகவே வேலை செய்துவிடும்.